சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: தூரப் பயணத்துக்குப் புதிய சைக்கிளா, பாவித்த சைக்கிளா?



இந்தப் பத்தியில் வழமையாக டொலர் விலை, கடை வாடகை, கொடுக்கல் வாங்கல் என்றுதான் எழுதி வருகிறேன். இம்முறை சைக்கிளைப் பற்றி எழுதுகிறேன். வியாபாரப் பக்கத்தில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக் கூடும். ஒரு பொருளைப் புதிதாக வாங்குவதா, பாவித்ததை வாங்குவதா என்பது சுத்தமான வியாபாரக் கேள்வி. சைக்கிளில் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கப் பழகியவர் தையல் மெசினிலும், குளிர்சாதனப் பெட்டியிலும், லொறியிலும் ஏமாற மாட்டார்.

விடயம் இதுதான். என் தங்கையின் மகன் ஒரு நாள் ஜிந்துப்பிட்டியில் உள்ள என் கடைக்கு வந்தான். "மாமா, நான் சைக்கிள்ல எருக்கலம்பிட்டிக்குப் போகப் போறன்" என்றான். மன்னார்த் தீவில் இருக்கும் எருக்கலம்பிட்டி அவனுடைய வாப்பாவின் ஊர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது என் மச்சானின் குடும்பம் கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தது. வீடு, கடை, ஆடு மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். மச்சான் தன் வாப்பாவின் றலி சைக்கிளையும் திண்ணையில் சாத்தி வைத்துவிட்டு வந்ததை இன்றும் சொல்வார். அந்தத் திண்ணையைப் பார்க்கத்தான் மகன் சைக்கிளில் புறப்படுகிறான்.

அவன் கையில் சேமித்த காசு 80,000 ரூபாய். அவனுக்குப் பாவித்த சைக்கிள் போதும், மிஞ்சிய காசு வழிச் செலவுக்கு ஆகும் என்பது எண்ணம். மச்சானோ, "புதுசு வாங்கிக் குடுங்க மச்சான். குறையுற காச நான் தாறன். பழைய சாமானோட பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்ப ஏலாது" என்றார். இருவருக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

நான் பட்ட பாடு

தீர்ப்புச் சொல்ல எனக்கிருந்த தகுதி ஒன்றுதான். நான் ஒரு தடவை நன்றாக ஏமாந்தவன்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாயைத் தொட்டது. ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. ஜூலையில்தான் கியூஆர் அட்டை முறை வந்தது. பெற்றோல் வரிசையில் நிற்க முடியாமல் கொழும்பே சைக்கிளைத் தேடியது. டாம் வீதியில் புதிய சைக்கிளின் விலையைக் காலையில் கேட்டால் ஒன்று, பின்னேரம் கேட்டால் இன்னொன்று.

அந்த நேரம் பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்த பாவித்த சைக்கிள் ஒன்றை 55,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மூன்றாவது கிழமை ஆமர் வீதிச் சந்தியில் பிரேக் பிடித்தபோது ஹேண்டில் ஒரு பக்கம் இழுத்தது. பின்னால் வந்த பஸ் விலகிப் போனது அல்லாஹ்வின் கிருபை. சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் திருத்தும் பெரியவரிடம் போனேன். அவர் ஹேண்டில் குழாயின் கீழே பெயின்டைச் சுரண்டினார். பழைய வெடிப்பு ஒன்றின் மேல் ஏதோ பசையை அப்பி, அதன் மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"நானா, பெயின்ட்டப் பாக்காதீங்க. பெயின்ட்டுக்குக் கீழ பாருங்க" என்றார்.

விற்றவரிடம் போனேன். பாவித்த சாமானுக்கு உத்தரவாதம் கிடையாது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பொருளின் குறையை மறைத்து விற்பது நமது மார்க்கம் வியாபாரிக்குத் தடுத்த காரியம். அதை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு அப்போது மனமில்லை. வெடிப்பை ஒட்டி இன்னொருவர் தலையில் கட்டிவிடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். எனக்கு நடந்ததை இன்னொருவருக்கு நான் செய்யலாமா? பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். 55,000 ரூபாய்க்கு ஒரு பாடம் கிடைத்தது. அந்தப் பாடத்தைத்தான் இன்று உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன்.

பாவித்த சைக்கிளின் விலை எப்படி உருவாகிறது?

நமது நாட்டில் பாவித்த பொருளின் விலை புதிய பொருளின் வரத்தைப் பார்த்து நிற்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, வாங்கிய விலையைவிடக் கூடுதலாகத் தம் பழைய காரை விற்றவர்கள் இருக்கிறார்கள். 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கும் வரை அந்த நிலை நீடித்தது. 2022இல் சைக்கிளுக்கும் அதுவே நடந்தது. ஆகவே முதல் விதி: எல்லோரும் ஓடி ஓடி வாங்கும் காலத்தில் பாவித்த பொருளை வாங்காதீர்கள். அப்போது குறையுள்ள பொருளும் நல்ல விலைக்குப் போகும். பார்த்து வாங்க நேரமும் கிடைக்காது.

இன்று கொழும்பில் பாவித்த சைக்கிள் என்றால் மூன்று வகை. ஒன்று, வீட்டில் ஒருவர் ஓடிவிட்டு விற்கும் உள்ளூர் அல்லது இந்தியச் சைக்கிள். இரண்டு, ஜப்பானிலிருந்து கொள்கலனில் வரும் பாவித்த சைக்கிள். மூன்று, தாத்தா காலத்துக் கறுப்பு றலி, ஹம்பர் வகை.

ஜப்பான் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே 1994 முதல் ஒவ்வொரு சைக்கிளையும் களவுத் தடுப்புக்காகப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பதிவு ஸ்டிக்கரை இருக்கைக் குழாயில் இப்போதும் காணலாம். ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் கைவிடப்பட்டு, நகர சபைகள் அள்ளிச் சென்று விற்பவையும் இவற்றில் உண்டு. அதிகம் ஓடியிருக்காது. ஆனால் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கும். இரும்பு நன்றாக இருக்க, றப்பர் வெடித்துப் போயிருக்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டு விலை பேச வேண்டும்.

பத்து நிமிடப் பரிசோதனை

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்காமல் விடக் கூடாது. ஒழுங்கைப் பெரியவர் எனக்குக் கற்றுத் தந்த பரிசோதனையைச் சொல்கிறேன். தேவையானவை ஓர் அளவுகோலும் நீளமான நூலும் மட்டுமே.

முதலில் சட்டகம். குழாய்கள் சேரும் மூட்டுக்களை விரலால் தடவிப் பாருங்கள். தலைமயிர் போன்ற கோடோ, அதில் துரு கசிந்த அடையாளமோ இருந்தால் விட்டுவிடுங்கள். ஹேண்டிலுக்குக் கீழே இறங்கும் குழாயின் அடிப்பக்கத்தில் சுருக்கமோ புடைப்போ தென்பட்டால் அந்தச் சைக்கிள் முன்னால் எதிலோ மோதியது என்று அர்த்தம். ஆணி, நட்டு, ஸ்டிக்கர் மேலெல்லாம் பெயின்ட் பட்டிருந்தால் அவசரமாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எதை மறைக்க அடித்தார்கள் என்று கேளுங்கள்.

அடுத்து நூல். பின் சக்கரத்தின் அச்சு அமரும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கம் பின் அச்சு அமரும் இடத்துக்கே இழுத்துக் கட்டுங்கள். இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் இடையில் இரு பக்கமும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சட்டகம் நேராக இருக்கிறது. கூடக் குறைய இருந்தால் சைக்கிள் என்றைக்கும் ஒரு பக்கம் இழுக்கும்.

பிறகு செயின். சைக்கிள் செயினில் ஆணிக்கு ஆணி தூரம் அரை அங்குலம். அளவுகோலை ஓர் ஆணியின் நடுவில் வைத்து 24 ஆணி எண்ணினால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பற்சக்கரமும் தேய்ந்திருக்கும். அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். இந்தச் செலவை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள்.

அதன் பின் சக்கரம். தூக்கிப் பிடித்துச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். சற்று ஆடினால் கம்பி முறுக்கிச் சரி செய்யலாம். ரிம் மேலும் கீழும் துள்ளினால் குழியில் விழுந்து நெளிந்தது, அது செலவு. கம்பிகளை விரலால் சுண்டினால் ஒரு பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சத்தம் கொடுக்க வேண்டும். சாமான் ஏற்றிப் போகும் பயணத்தில் முதலில் உடைவது பின் சக்கரக் கம்பிதான். 36 கம்பிகளுக்குக் குறைந்த பின் சக்கரத்தைத் தூரப் பயணத்துக்கு எடுக்காதீர்கள்.

கடைசியில் ஆட்டிப் பார்த்தல். பெடல் கையைப் பிடித்துச் சட்டகத்தின் பக்கமாக ஆட்டுங்கள். சக்கரத்தைப் பிடித்து இரு பக்கமும் ஆட்டுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளுங்கள். "டக் டக்" என்று கேட்டால் உள்ளே குண்டு தேய்ந்திருக்கலாம், அல்லது இறுக்கம் குறைந்திருக்கலாம். இது பெரிய குறையல்ல. குண்டும் கிறீசும் மலிவு. ஆனால் கூலி உண்டு.

"26" என்று எழுதியதை நம்ப வேண்டாம்

தூரப் பயணம் போகிறவர் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று டயர் இலக்கம். டயரின் பக்கத்தில் 26 என்று எழுதியிருக்கும். 26 எல்லாம் ஒன்றல்ல. 26 × 1⅜ என்று பின்னத்தில் எழுதிய டயர் அமரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீற்றர். 26 × 1.95 என்று தசமத்தில் எழுதிய மலைச் சைக்கிள் டயருக்கு 559 மில்லிமீற்றர். ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. பழைய கறுப்புச் சைக்கிளின் 28 × 1½ டயருக்கு 635. ஜப்பான் சைக்கிள்களில் வரும் 27 × 1⅜ டயருக்கு 609. அதே 27 என்று தொடங்கும் 27 × 1¼ பந்தயச் சைக்கிள் டயருக்கு 630. மெல்லிய டயர் போட்ட 700 வகைக்கு 622. இந்த மூன்றிலக்க எண் பெரும்பாலும் டயரிலேயே சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும்.

கொழும்பில் இருக்கும் வரை இது பெரிய விடயமில்லை. டாம் வீதியில் தேடினால் ஏதாவது கிடைக்கும். ஊருக்கு வெளியே ஒரு சந்திக் கடையில் என்ன டயர் தொங்குகிறது என்பதுதான் கேள்வி. புதிய சைக்கிளோ பாவித்ததோ, போகும் வழியில் கிடைக்கும் டயர் உள்ள சைக்கிளே நல்ல சைக்கிள். நாங்கள் பார்த்த சைக்கிள்களில் மிகவும் அழகானது ஒரு 27 அங்குல ஜப்பான் சைக்கிள். மருமகனுக்கு அதன் மீது ஆசை. 609 என்ற இலக்கத்தைக் காட்டி வேண்டாம் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டான்.

கியர் எத்தனை வேண்டும்?

புதிய சைக்கிள் விற்பவர் முதலில் கியர் எண்ணிக்கையைத்தான் சொல்வார். 18, 21, 24 என்பார். எண்ணிக்கை முக்கியமல்ல, மிக இலகுவான கியர் எவ்வளவு இலகு என்பதே முக்கியம். அதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. முன் பற்சக்கரத்தின் பற்களைப் பின் பற்சக்கரத்தின் பற்களால் வகுத்து, சக்கரத்தின் அங்குலத்தால் பெருக்குங்கள். முன்னால் 32, பின்னால் 14, சக்கரம் 26 என்றால் சுமார் 59 வரும். இந்த எண் குறையக் குறைய மிதிப்பது இலகு. மலைச் சைக்கிளில் முன்னால் 24, பின்னால் 28 போட்டால் 22 வரும். அதில் கடுகண்ணாவை ஏற்றத்தில் சாமானோடு ஏறலாம். 1,800 மீற்றருக்கு மேல் உள்ள நுவரெலியாவுக்குப் போகிறவருக்கு இப்படிப்பட்ட கியர் இல்லாமல் முடியாது. தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

எங்கள் பயணமோ கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம். அங்கிருந்து அநுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னார். ஏறக்குறைய 315 கிலோமீற்றர். மலை கிடையாது. இந்தப் பாதைக்குப் பின் சக்கரத்தின் உள்ளே அமைந்த மூன்று கியர் தாராளம். பின் பற்சக்கரத்தை 14 பல்லிலிருந்து 16 பல்லுக்கு மாற்றினால் நடுக் கியர் 52 ஆகிறது. அடிக் கியர் அதைவிடக் கால் பங்குக்கு மேல் இலகு. வெளியே கம்பியும் நெம்புகோலும் தொங்காததால் பஸ் கூரையிலும் லொறியிலும் ஏற்றும்போது நெளியாது. ஆக, பாதையைத் தீர்மானித்த பிறகு சைக்கிளைத் தேட வேண்டும். சைக்கிளை வாங்கிவிட்டுப் பாதையைத் தேடுவது சட்டைக்காக உடம்பை வெட்டுவது போன்றது.

கணக்குப் புத்தகத்தைத் திறப்போம்

இப்போது நம் துறைக்கு வருவோம். நாங்கள் விசாரித்த புதிய சைக்கிளின் விலை 78,000 ரூபாய். பாவித்த ஜப்பான் சைக்கிளுக்கு 42,000 கேட்டார்கள், 38,000க்கு இறங்கியது. பார்த்த உடனே 40,000 இலாபம் என்று மருமகன் துள்ளினான். "பொறு மகன், கடதாசியில் எழுது" என்றேன்.

புதிய சைக்கிளில் கெரியர், மட்கார்ட், விளக்கு, மணி எதுவும் இல்லை. அவற்றுக்கு 9,500. மொத்தம் 87,500 ரூபாய்.

பாவித்ததில் கெரியர், மட்கார்ட், முன் சக்கரத்தில் ஓடும் டைனமோ விளக்கு எல்லாம் உண்டு. ஆனால் டயர் இரண்டுக்கு 8,400. ரியூப் இரண்டுக்கு 2,000. செயினுக்கும் பின் பற்சக்கரத்துக்கும் 4,300. பிரேக் கட்டை, கேபிளுக்கு 2,900. குண்டு, கிறீசுக்கு 1,600. கூலி 5,000. ஆகத் திருத்தச் செலவு 24,200. வாங்கிய விலையோடு சேர்த்தால் 62,200 ரூபாய்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இதற்காகவே சொல்லப்பட்டது போலிருக்கிறது. 40,000 என்று தெரிந்த வித்தியாசம் 25,300 ஆகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் அது சிறிய காசல்ல. அத்துடன், பயணம் முடிந்து விற்றால் என்ன கிடைக்கும் என்று மூன்று பேரிடம் விசாரித்தேன். புதியதுக்கு 60,000, பாவித்ததுக்கு 45,000 என்றார்கள். அப்படியானால் புதியது 27,500ஐ விழுங்கும். பாவித்தது 17,200ஐ விழுங்கும். பொருளின் உண்மையான விலை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில்தான் இருக்கிறது. இதை நம்மில் பலர் வீட்டுப் பொருள் வாங்கும்போது மறந்துவிடுகிறோம்.

நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: பாவித்த பொருளின் விலையும் திருத்தச் செலவும் சேர்ந்து, எல்லாம் பூட்டிய புதிய பொருளின் விலையில் முக்கால் பங்கைத் தாண்டினால் புதியதை வாங்குங்கள். எங்கள் கணக்கில் அது 71 வீதம். எல்லைக்குக் கொஞ்சம் உள்ளே.

புதியதின் பக்க நியாயம்

மச்சானின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. புதிய சைக்கிளில் மறைந்த வெடிப்புக்குப் பயப்படத் தேவையில்லை. பற்றுச்சீட்டு உண்டு, உத்தரவாதம் உண்டு. பிரச்சினை வந்தால் 2003ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிட வழி உண்டு. ஆனால் உத்தரவாதப் பத்திரத்தை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது சட்டகத்துக்குத்தான்; டயர், செயின், பிரேக் கட்டை போன்று தேயும் பொருள்களுக்கு இருக்காது.

புதியது என்றால் வாங்கிய அன்றே தூரப் பயணம் போகலாம் என்று நினைப்பதும் தவறு. பெட்டியில் பாதி பூட்டியபடி வரும் சைக்கிளைக் கடைப் பையன் அவசரமாகப் பூட்டியிருப்பான். புதிய சக்கரத்தின் கம்பிகள் முதல் 100, 200 கிலோமீற்றருக்குள் சற்றுத் தளரும். அதன் பின் ஒரு தடவை முறுக்க வேண்டும். ஆகவே புதியதோ பாவித்ததோ, சாமானைக் கட்டி 200 கிலோமீற்றர் உள்ளூரில் ஓடிப் பார்த்த பிறகே புறப்படுங்கள்.

எனக்குச் சைக்கிளைப் பார்க்கத் தெரியாது, பார்த்துச் சொல்ல ஆளுமில்லை என்பவர் யோசிக்காமல் புதியதை வாங்கலாம். அவர் கூடுதலாகக் கொடுக்கும் காசு அறியாமைக்கான காப்புறுதி. அதில் வெட்கமில்லை. ஆனால் சட்டகம் இரும்பாக இருந்தால் நல்லது. ஹெய்ன்ஸ் ஸ்டுக்கே என்ற ஜேர்மன்காரர் 1962இல் மூன்று கியர் உள்ள பாரமான இரும்புச் சைக்கிளில் புறப்பட்டு, பல தசாப்தங்கள் உலகம் முழுவதும் 6 இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடினார். அவருடைய சைக்கிள் உடையாத சைக்கிள் அல்ல. பல தடவை உடைந்தது. எந்த ஊரிலும் ஒரு வெல்டிங்காரர் அதை ஒட்டிக் கொடுக்கக் கூடியதாக இருந்தது. அலுமினியம் இலேசுதான், துருவும் பிடிக்காது. ஆனால் அதை ஒட்டத் தெரிந்தவரை ஊர்ச் சந்தியில் தேட முடியாது.

தீர்ப்பும் பயணமும்

கடைசியில் 26 × 1⅜ டயர் உள்ள பாவித்த ஜப்பான் சைக்கிளையே எடுத்தோம். மச்சான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒழுங்கைக்கு வந்து, பெரியவர் சைக்கிளை முழுவதும் கழற்றிக் கழுவிப் பூட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். சட்டகத்தின் அடியில் உள்ள இலக்கத்தைக் குறித்து வைத்தோம். விற்றவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் போட்டுப் பற்றுச்சீட்டு வாங்கினோம். களவுச் சாமானை அறியாமல் வாங்கினாலும் பொலிஸில் பதில் சொல்ல வேண்டியவர் வாங்கியவர்தான். இதில் கூச்சப்பட வேண்டாம்.

2024 ஓகஸ்ட் மாதம், சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டான். அந்த மாதங்களில் தென்மேல் காற்று அடிப்பதால் வடக்கே போகிறவருக்கு முதுகில் காற்று. மன்னார்ப் பக்கம் மழையும் இல்லை. முதல் நாள் சிலாபம், இரண்டாம் நாள் புத்தளத்தில் சொந்தக்காரர் வீடு. மூன்றாம் நாள் யானைப் பயத்தால் வெளிச்சம் வந்த பிறகு வெளிக்கிட்டு, இருட்ட முன்னர் அநுராதபுரம் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

அன்று பத்தரை மணிக்கு அவனிடமிருந்து அழைப்பு. நொச்சியாகமைக்குக் கிட்ட போத்தல் ஓடு ஏறி முன் டயர் கிழிந்துவிட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் ஒரு சிறிய கடையில் கேட்டிருக்கிறான். கடைக்காரர் கூரையில் தொங்கிய டயர்களில் ஒன்றைத் தடியால் தட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறார். 26 × 1⅜. பெண்கள் சைக்கிளுக்கென்று வாங்கி வைத்தது.

"27 இருந்திச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. நானும் கேட்டுப் பாத்தன்" என்றான்.

நாலாம் நாள் பின்னேரம் எருக்கலம்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தான். வீட்டின் சுவர் பாதிதான் இருக்கிறது. திண்ணை இருக்கிறது. அதில் தன் சைக்கிளைச் சாத்தி வைத்துப் படம் எடுத்து வாப்பாவுக்கு அனுப்பினான். மச்சான் படத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டு அவனுக்கு அழைப்பு எடுத்தார். வேறு எதையும் கேட்கவில்லை. "சைக்கிள உள்ளுக்கு எடுத்து வை மகன், வெளியில உடாத" என்றார்.

திரும்பும்போது சைக்கிளும் அவனும் கொழும்புக்கு வந்த ஒரு லொறியில் வந்தார்கள். நாங்கள் போட்ட கணக்குப்படி சைக்கிளை 45,000க்கு விற்றிருக்க வேண்டும். விற்கவில்லை. மச்சான் விடவில்லை. இப்போது அவரே அதில் சந்தைக்குப் போகிறார்.

ஆகவே வாசகர்களே, சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் பாதையைத் தீர்மானியுங்கள், மலையா, சமதரையா? அந்தப் பாதையில் எந்த டயர் கிடைக்கும் என்று விசாரியுங்கள். பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குத் தேநீரோடு நிறுத்தாமல் ஒரு கூலியும் கொடுங்கள். திருத்தச் செலவைக் கடதாசியில் எழுதிக் கூட்டுங்கள். முக்கால் பங்கைத் தாண்டினால் புதியது, தாண்டாவிட்டால் பாவித்தது. எதை வாங்கினாலும் 200 கிலோமீற்றர் ஓடிப் பார்க்காமல் புறப்படாதீர்கள்.

உங்களிடம் விற்பதற்கு ஒரு பழைய சைக்கிள் இருந்தால், அதன் குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஆயிரம் இரண்டாயிரம் குறையும். யாரோ ஒருவருடைய பிள்ளை அதில் பஸ்ஸுக்கு முன்னால் போகப் போகிறது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் சந்திப்போம்.